மதியம் இரண்டு மணிக்குப் பேசும் அக்காவும் சாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் எங்கள் சமுதாய வானொலியில் திங்கள் முதல் சனி வரை மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை இரண்டு பேர் பேசுகிறார்கள். அவர்களைப் பற்றிப் போனிலும், கடிதத்திலும், தக்கலை பஸ் ஸ்டாண்டில் வழிமறித்தும் நீங்கள் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதுவது அவர்கள் இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கை ஏற்றி இறக்குகிற ஆள் நான். அதனால் கொஞ்சம் உள்விஷயமும் வரும். அதற்கெல்லாம் அவர்களிடம் அனுமதி வாங்கவில்லை.

யார் அந்த இரண்டு பேர்?

அக்கா, முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையில் உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரர். வீட்டுக்காரர் வள்ளத்தில் போகிறவர், மாமனார் கட்டுமரக்காரர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கூட்டத்தில், மீன் ஏலத்தில் தலைச்சுமை வியாபாரம் செய்யும் பெண்கள் எப்படி ஓரங்கட்டப்படுகிறார்கள் என்று எழுந்து நின்று பத்து நிமிடம் பேசினார். கையில் துண்டுச்சீட்டு கிடையாது, ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அன்றைக்கே ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னோம். முதல் நாள் மைக்கை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்ன, சாளை மாதிரி மினுங்குது" என்றார். சாளை என்றால் மத்தி மீன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதையே முதல் நிகழ்ச்சியின் தொடக்கமாக வைத்துவிட்டோம்.

சார் திருவட்டார் பக்கம். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. ஒரு ஏக்கருக்கும் குறைவான ரப்பர் இருக்கிறது, பால்வெட்டுக்கு ஆள் வைக்காமல் தானே வெட்டுகிறார். வெளிச்சம் வருமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, சிரட்டையில் வடிந்த பாலை எடுத்து, ஆசிட் கலந்து உறைய ஊற்றிவிட்டு, குளித்து, பஸ் ஏறி, ஒன்றரை மணிக்கு இங்கே வந்து நிற்பார். எவ்வளவு குளித்தாலும் அந்தப் புளித்த வாடை சில நாள் கூடவே வரும். அக்கா மூக்கைப் பிடிப்பார். "நீ மட்டும் என்ன பிச்சிப்பூ மாதிரியா மணக்குற, மக்களே?" என்பார் சார். இந்தப் பேச்சு பெரும்பாலும் மைக் திறப்பதற்கு முன்னால் நடக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன்.

பெயரைச் சொல்லாமல் 'அக்கா', 'சார்' என்றே சொல்கிறீர்களே, ஏன்?

அக்கா வீட்டில் அவருடைய மாமியார் போட்ட ஒரே நிபந்தனை அது: "ரேடியோவுல பேசு, குடும்பப் பேரை இழுக்காதே." சாருக்குப் பழைய மாணவர்களைப் பற்றிப் பயம். போன் போட்டு, 'அன்னைக்கு ஏன் சார் எனக்கு 34 மார்க் போட்டீங்க?' என்று கேட்பார்களாம். பெயர் சொல்லாமலே குரலை வைத்துக் கண்டுபிடித்து அப்படிக் கேட்டவர்கள் இதுவரை இரண்டு பேர்.

காலையிலோ இரவிலோ வைக்காமல் ஏன் மதியம்?

இந்த மாவட்டம் விடியுமுன் வேலை தொடங்கும் மாவட்டம். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு, கரையில் ஏலம், தோவாளையில் பூச்சந்தை, எல்லாமே மற்றவர்கள் பல் தேய்ப்பதற்குள் பாதி முடிந்திருக்கும். காலையில் ரேடியோ கேட்க யாருக்கு நேரம்? சோறு தின்றபின் இரண்டு மணிக்குத்தான் உடம்பு ஓரிடத்தில் உட்காரும். வலை பொத்துகிறவர்கள், நிழலில் அமர்ந்து ஓலை முடைகிறவர்கள், கடையில் ஆள் வராமல் ஈ ஓட்டுகிறவர்கள், இவர்கள்தான் எங்கள் நேயர்கள்.

அப்புறம் அண்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரித் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பருப்பின் தோலை உரிப்பார்கள். விரல் விடாமல் வேலை செய்யும், காது சும்மா இருக்கும். அங்கிருந்து வருகிற போன்தான் எங்களுக்கு அதிகம். ஒருவர் பேசினாலும் பின்னால் இருபது பேர் சிரிப்பது கேட்கும்.

அவர்கள் ஏன் நல்ல தமிழில் பேசுவதில்லை?

மாதத்துக்கு ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. மரியாதையாகவே பதில் சொல்கிறேன்: அவர்கள் பேசுவது நல்ல தமிழ்தான்.

1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி, அதற்கும் முன் திருவிதாங்கூர் சமஸ்தானம். கிழக்கே நாஞ்சில் நாட்டு வயற்காட்டில் பேசுகிற தமிழுக்குத் திருநெல்வேலிச் சாயல் உண்டு. மேற்கே போகப் போக மலையாளம் வந்து கலக்கும். கடற்கரைக்கு முற்றிலும் வேறு சொற்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் மூன்று தமிழ் கேட்கலாம். இதில் எதை நல்லது, எதைக் கெட்டது என்பது?

சார் 'கொள்ளாம்' என்பார், நன்றாக இருக்கிறது என்று பொருள். 'ஓர்மை இல்லை' என்றால் ஞாபகம் இல்லை. மரவள்ளிக்கிழங்கு எங்களுக்கு மரச்சீனி, பலாப்பழம் சக்கை. 'மக்களே' என்று சார் சொல்வதைக் கேட்டு, அவர் ஏதோ பொதுக்கூட்டத்தில் பேசுகிறார் என்று ஒரு மதுரைக்காரர் நினைத்திருக்கிறார். இல்லை ஐயா. எங்கள் ஊரில் ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிடவும் 'மக்களே' தான். பாசம் கூடினால் பன்மை வந்துவிடும்.

ஆனால் எங்கள் பக்கமும் ஒரு தப்பு நடந்தது, அதை மறைக்கக் கூடாது. மேற்குப் பக்கம் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். தாகத்துக்குக் குடிப்பதும் வெள்ளம்தான். ஒரு ஐப்பசி மாதம், இரண்டு நாளாக மழை. குழாய் உடைந்து சில ஊர்களுக்குக் குடிநீர் நின்றிருந்தது. சரிசெய்துவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் சார் மைக்கில் உற்சாகமாகச் சொன்னார்: "இன்னைக்கு நாலு மணிக்கு வெள்ளம் வரும், பாத்திரம் எல்லாம் எடுத்து வச்சுக்கிடுங்க."

ஆற்றங்கரை ஊர்களில் அந்த முதல் பாதியை மட்டும் கேட்டவர்கள், பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டார்கள் என்று ஆட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். போன் விடாமல் அடித்தது. ஒரு பாட்டி, "பாத்திரம் போனாப் போட்டும், பசுவை எங்க கொண்டு கட்ட?" என்று அழுதார். அக்கா உடனே மைக்கை இழுத்து நாலு தடவை திருத்திச் சொன்னார். சார் அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் தன் கையாலேயே ஒரு அட்டையில் எழுதி மைக்குக்கு எதிரே ஒட்டினார்: 'குடிப்பது தண்ணி. அடித்துப் போவது வெள்ளம்.' அந்த அட்டை இன்னும் இருக்கிறது, ஓரம் கறையான் தின்றிருக்கிறது.

ஊர்ப் பேச்சை விடச் சொன்னால் விடமாட்டோம். எந்த இடத்தில் எந்தச் சொல் யார் காதில் எப்படி விழும் என்று யோசிப்பது மட்டும் அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

அணை மட்டத்தைத் தினமும் வாசிக்க வேண்டுமா? சலிப்பாக இருக்கிறது.

உங்களுக்குச் சலிப்பு. வயல் வைத்திருப்பவருக்கு அதுதான் நிகழ்ச்சியே. பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லுக்கு நாற்று விடலாமா, கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் கடைசி வரை வருமா என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். மழைக்காலத்தில் உபரி நீர் திறந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை விழும், ஆற்றில் துணி துவைக்கப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். கணக்கு வாத்தியார் அல்லவா, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தையும் கழித்துச் சொல்லிவிடுவார். அதை நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கடல் எச்சரிக்கை வந்தால் அக்காவின் குரலே மாறிவிடுகிறதே?

ஆமாம். அதைப் பலர் கவனித்திருக்கிறார்கள்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது இந்தக் கரையிலிருந்து போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. கடற்கரை ஊரில் யாரிடம் கேட்டாலும் தெரிந்த ஒருவரையாவது சொல்வார்கள். அக்கா அந்த நாட்களைப் பற்றி மைக்கில் பேசியதே இல்லை. ஆனால் அறிவிப்பு வந்தால், கையில் இருக்கும் பாட்டு, பேட்டி எதையும் நிறுத்திவிட்டுப் படிப்பார். படிப்பதற்கு முன் அந்தத் தாளை ஒரு தடவை கடற்கரைத் தமிழுக்கு மாற்றிக்கொள்வார். 'மேற்குத் திசையிலிருந்து பலத்த காற்று' என்பதோடு 'கச்சான்' என்றும் சேர்ப்பார். நீரோட்டம் என்று தாளில் இருந்தால் 'நீவாடு' என்பார். கிலோமீட்டர் கணக்கு அப்படியே இருக்கும், அதில் கை வைக்கமாட்டார்.

கள்ளக்கடலைப் பற்றி மட்டும் தனியாக விளக்குவார். இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் திடீரென்று ஏறி வரும். தெற்கே வெகு தொலைவில் இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்று எழுப்பிய அலை, சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்வது அது. சொல்லாமல் திருடன் போல வருவதால் அந்தப் பெயர். ஐதராபாத்தில் இருக்கும் கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. 2024 மே மாதம் ராஜாக்கமங்கலம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படியொரு எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். கடற்கரைக்காரர்களுக்குக் கடலின் முகம் தெரியும், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது. அதனால் அக்கா அந்த அறிவிப்பை மட்டும் ஊர்ப் பேச்சில் ஒரு தடவை, புத்தகத் தமிழில் ஒரு தடவை என்று இரண்டு முறை சொல்கிறார்.

இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. விசைப்படகுத் தடைக்காலம் நம் மாவட்டத்தில் இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 'ரேடியோவில் தடை முடிந்தது என்றார்களே' என்று தவறாகப் புரிந்துகொள்ளாமல் இருக்க, எந்தத் துறைமுகம் என்று பெயர் சொல்லித்தான் அறிவிப்போம்.

நீங்கள் ஆகாசவாணியா?

இல்லை. நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அகில இந்திய வானொலி பெரியப்பா, நாங்கள் பேரப்பிள்ளை. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமே 1984-ல் நாகர்கோவிலில்தான் வந்தது. 101 மெகாஹெர்ட்ஸ். இந்தப் பெருமையை நம் ஆட்களே பாதிப் பேர் அறியவில்லை என்பதால் சார் மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுகிறார்.

நாங்கள் சமுதாய வானொலி. அந்த வகையில் முதலாவது, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி தொடங்கியது. கல்வி நிறுவனங்கள் மட்டுமே நடத்தலாம் என்றிருந்த விதியை 2006-ல் தளர்த்தியபிறகு தொண்டு அமைப்புகளும் நடத்த முடிந்தது. எங்கள் மாதிரி ஆட்கள் மைக் பிடித்தது அந்த வழியில்தான்.

பேச்சிப்பாறையில், தோவாளையில் எல்லாம் கேட்கவில்லையே?

கேட்காது. எங்கள் ஒலிபரப்புத் திறனுக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. சமதரையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே வந்தால் முட்டி நின்றுவிடும். வேளிமலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எங்களைத் திட்டாமல் மலையைத் திட்டவும். அந்தக் காலத்தில் இலங்கை வானொலி கடல் தாண்டிக் கேட்டதே என்பார்கள். அது மத்திய அலை, விஷயமே வேறு. ராத்திரியில் அது வானத்தில் முட்டித் திரும்பி வெகு தூரம் போகும்.

போனில் கேட்கிறவர்கள் இயர்போன் செருகிக் கேளுங்கள். அந்த வயர்தான் ஆன்டெனா.

பக்கத்து ஊர் விபத்தைக்கூட ஏன் செய்தியாகச் சொல்வதில்லை?

அனுமதி இல்லை. சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். வானிலை, மின்தடை, குடிநீர், திருவிழா, போக்குவரத்து மாற்றம் இவற்றைச் சொல்லலாம். சாலை அடைத்திருக்கிறது என்று சொல்வோம், ஏன் என்று சொல்லமாட்டோம். அண்டி ஆபீஸ் அக்காமார் மீதியைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சினிமாப் பாட்டு குறைவாக இருக்கிறதே?

உரிமைக் காசு கட்டிப் போட வேண்டும், எங்கள் பையில் அவ்வளவு இல்லை. அந்த இடத்தில் வில்லுப்பாட்டும், கோலடித்து ஆடும் களியலும் வந்தது எங்களுக்கு நல்லதாகவே போயிற்று. வில்லுப்பாட்டு நம் மண்ணின் சரக்கு. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சினிமாவுக்கு முன்பே வில்லடித்தவர்தான்.

பதிவு செய்வதுதான் பெரிய பாடு. கோயில் கொடை விழாவில் திறந்த வெளியில் கேட்ட கலையை, எட்டடி அறைக்குள் அடைத்தால் எப்படி இருக்கும்? வீசுகோல் பட்டு வில்மணிகள் ஒருசேரக் குலுங்குவது ஒரு பக்கம், உடுக்கை ஒரு பக்கம். இரண்டையும் சமாளித்தேன். குடம்தான் என்னைக் கொன்றது. அதன் வாயில் அடிக்கும்போது வருகிற 'தொம்' ஒவ்வொன்றுக்கும் மானியில் முள் சிவப்பில் போய் முட்டும். கடைசியில் அக்கா யோசனை சொன்னார்: "குடத்தை வாசலுக்கு வெளியே வை, கதவைப் பாதி சாத்து." குடக்காரர் வெளியே உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாகப் புலவரைப் பார்த்தபடி அடித்தார். நான் செய்ததிலேயே நல்ல பதிவு அது. நடுவில் ஒரு கோழி கூவுவதும் இருக்கும், அதை நான் வெட்டவில்லை.

இருவருக்கும் உண்மையிலேயே சண்டையா?

மீன் விஷயத்தில், ஆமாம். சாளைக் கறிக்கு மாங்காயா, கொடம்புளியா என்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. மாங்காய் இல்லாத கறியை அக்கா கறி என்றே ஒத்துக்கொள்ளமாட்டார். கொடம்புளி போட்டுச் சட்டியில் வைத்து மறுநாள் மரச்சீனியோடு தின்றால்தான் ருசி என்பது சாரின் கட்சி. நேயர்களிடம் ஓட்டு கேட்டோம். கடற்கரை ஒரு பக்கம், மலையோரம் ஒரு பக்கம் என்று சரிபாதியாகப் பிரிந்தது. கிழக்கிலிருந்து ஒருவர் போன் போட்டு, இரண்டும் வேண்டாம், வாளன்புளிதான், அதாவது சாதாரணப் புளிதான் என்றார். இருவரும் சேர்ந்து அவரோடு சண்டை பிடித்தார்கள்.

ஒரு நாள் 'சாயா இன்னும் வரலியா லேய்?' என்று கேட்டதே, அது யார்?

சார். மைக்கை மூட மறந்தது நான். லேய் என்றது என்னை.

சம்பளம் எவ்வளவு?

பஸ் காசும் ஒரு சிறு தொகையும். விளம்பரம் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை நிமிடம் என்று வரம்பு உண்டு. 2024-ல் அதை 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தினார்கள். நல்லதுதான், ஆனால் அந்த 12 நிமிடத்தையும் நிரப்ப விளம்பரம் வர வேண்டுமே. ஜவுளிக்கடைக்காரர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் யோசிக்கவும்.

திடீரென்று நடுவில் நின்றுவிடுகிறதே?

சித்திரையிலும் ஐப்பசியிலும் மதியம் கழிந்தால் இடி வரும். கோபுரம் வைத்திருப்பவர்கள் இடியோடு விளையாடக் கூடாது. நான்தான் அணைக்கிறேன்.

ஸ்டுடியோவுக்கு வரலாமா? நாங்களும் பேசலாமா?

வரலாம். புதன்கிழமை நேயர் நாள். பேசும்போது சத்தம் கேட்கும் என்று மின்விசிறியை அணைத்துவிடுவோம், அதனால் ஒரு துண்டு கொண்டு வாருங்கள். எழுதிக்கொண்டு வந்து வாசிக்க வேண்டாம். அக்கா அந்தத் தாளை வாங்கி மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, "இனி சொல்லுங்க" என்பார். அப்படிப் பறிகொடுத்தவர்கள்தான் நன்றாகப் பேசியிருக்கிறார்கள். ஒன்றே முக்காலுக்குள் வந்துவிடுங்கள், இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவேன். செருப்பை வெளியே விடவும். சாருக்குச் சாயாவில் சீனி வேண்டாம்.